முட்டை கைமாறும் இடத்தில் கேமராவை வையுங்கள்

தமிழ் சீரியல்களுக்குக் கதை எழுதுகிறவர்களுக்கும், இயக்குகிறவர்களுக்கும், எதை எத்தனை மணிக்குப் போடுவது என்று தீர்மானிக்கிற சேனல்காரர்களுக்கும்,

வணக்கம்.

நான் மன்னார்குடிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாயிற்று. பாடம் நடத்துவதில்லை என்றாலும் பிள்ளைகளுக்கு நான் ‘சத்துணவு டீச்சர்’. அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டைக்குக் கணக்கு எழுதுவது, ஆயாவோடு நின்று பரிமாறுவது, இதுதான் என் வேலை. தட்டோடு வரிசையில் நிற்கும்போது யார் யாருக்கு வழி விடுகிறார்கள், யார் எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்கள், யார் வேப்பமரத்தடியில் தனியாகப் போய் உட்காருகிறார்கள் என்பதெல்லாம் வகுப்பு ஆசிரியர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். ராத்திரியில் உங்கள் சீரியல்களையும் பார்க்கிறேன். இந்த இரண்டையும் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

போன மாதம் ஒரு சீரியலில் பள்ளிக்கூடக் காட்சி வந்தது. பேர் வேண்டாம், யூனிஃபாரத்தின் நிறத்தை மட்டும் மாற்றி இதே காட்சியைப் பல சேனலில் பார்த்தாயிற்று. ஒரு பெண்ணை நாலு பெண்கள் கழிப்பறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். ஒருத்தி செல்போனில் படம் எடுக்கிறாள். தண்ணீர் விழுவதை முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை, மேலேயிருந்து ஒரு தடவை காட்டினீர்கள். மழையே இல்லாத ஊரில் இடி இடித்தது. அன்றைக்கு அதோடு தொடரும் போட்டீர்கள். மறுநாள் முதல் ஐந்து நிமிஷம் திரும்பவும் அதே வாளி. பகலெல்லாம் புரோமோவில் அதே வாளி. சனிக்கிழமை கதாநாயகி டீச்சர் வந்து நாலு பேரையும் வரிசையாக நிறுத்தி அறைந்தாள். ஒவ்வோர் அறைக்கும் அந்தப் பெண்களின் தலை மூன்று தடவை திரும்பியது.

எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “அப்படிப் போடுடி என் ராஜாத்தி!” என்று கை தட்டினார். எனக்கும் மனசு குளிர்ந்தது, அதை ஒளிக்கப் போவதில்லை. அத்தையைக் குறை சொல்லவும் மாட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். விழுந்த தென்னைகளை எண்ணி முடித்த பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை, “அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சோ என்னமோ.” அந்தப் புள்ளை சீரியலில் வருகிற புள்ளை. உங்கள் பாத்திரங்கள் எங்கள் வீட்டில் உறவுமுறை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

வாளிக் காட்சி வந்த அன்று பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு, எங்கள் பள்ளிதான். பள்ளியில் என்னை டீச்சர் என்பாள், வீட்டில் பெரியம்மா. உறைமோர் வாங்க வந்தவள் நிலைப்படியிலேயே நின்று டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழிப்பறைக் கதவு சாத்தப்பட்டதும், “வரேன் பெரியம்மா” என்று கிண்ணத்தை வாங்காமலே போய்விட்டாள். எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கிற டி.ஆர்.பி. பெட்டி எங்கள் வீட்டில் கிடையாது. இருந்திருந்தாலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது என்று மட்டும்தான் அதற்குத் தெரிந்திருக்கும்.

அவள் ஏன் போனாள் என்பதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அதில் என் தப்பும் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஒல்லி, வாய் திறக்க மாட்டான். வாரத்தில் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை உண்டு. அவன் தட்டில் வைத்த முட்டை, அவன் திரும்பி நாலடி நடப்பதற்குள் இன்னொரு தட்டில் இருக்கும். வாங்கிக்கொள்கிறவன் சிரிப்பான், இவனும் சிரிப்பான். கூட்டாளிகள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டதற்கு, “எனக்கு முட்டை பிடிக்காது டீச்சர்” என்றான். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுப்பது வழக்கம். சரி என்று அவனுக்குப் பழம் கொடுக்க ஆரம்பித்தேன். பழமும் அதே தட்டுக்குப் போயிற்று. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பதிவேட்டில் முட்டை வேண்டாதவர்கள் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் அவன் சாப்பிட வருவதே நின்றுபோயிற்று. வீட்டிலிருந்து கொண்டுவருகிறான் என்றார்கள். மாசி மாதத்தில் ஒருநாள் குழாயடியில் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு நின்றான். தோளுக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள். கொசுக்கடி என்றான். காம்பஸ் முனை என்று பிறகு தெரிந்தது. விசாரித்தார்கள். இரண்டு வீட்டாரும் வந்தார்கள். விளையாட்டுப் பிள்ளைகள்தானே என்று யாரோ சொன்னார்கள். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது, பள்ளியும் திறந்தது, அவன் வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அம்மாச்சி ஊருக்குப் போய்விட்டானாம்.

அப்போதுதான் இந்தப் பெண்ணைக் கேட்டேன், உனக்கு முன்னமே தெரியுமாடி என்று.

“ஆறாவதுலேருந்தே தெரியும் பெரியம்மா. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்.”

“அப்புறம் ஏன் யாரும் சொல்லல?”

“ஒங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சோம். நீங்கதான் தெனம் பாத்துக்கிட்டே இருந்தீங்களே.”

அந்த வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். முட்டையை எடுத்தவன் ஒருத்தன். அவனோடு சேர்ந்து சிரித்தவர்கள் மூன்று நாலு பேர். கொடுத்தவன் ஒருத்தன். மீதிப் பேரெல்லாம் தெரிந்தும் சும்மா இருந்தவர்கள். கரண்டியோடு நின்ற என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சீரியலில் அந்த முப்பது பேர் எங்கே? வாளித் தண்ணீர் விழும்போது பின்னால் மங்கலாக நிற்கிறார்கள். கும்பகோணத்துப் பக்கம் ஷூட்டிங் நடந்தபோது நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஓரமாக நிறுத்திவைத்த பிள்ளைகளைப் பார்த்து, “ஷாக்கா ரியாக்‌ஷன் குடுங்க” என்று ஒருவர் மைக்கில் கத்துவார். அவர்களும் வாயில் கை வைப்பார்கள். நிஜத்தில் யாரும் வாயில் கை வைப்பதில்லை, ஐயா. ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்தது நம்ம முறையோ என்று ஒருத்தி நினைப்பாள். இவன் ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று ஒருத்தனுக்கு அவன்மேலேயே எரிச்சல் வரும். நேற்றுவரை தன் முட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தவன், அப்பாடா என்று இன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிடுவான். இதிலே எத்தனை எபிசோடு இருக்கிறது! அடிக்கிறவன், அடி வாங்குகிறவன், கடைசியில் வந்து அறைகிற டீச்சர் என்று மூன்றே பேரை வைத்துக்கொண்டு கதை நகரவில்லை என்று நீங்கள் ஏன் கஷ்டப்படுகிறீர்கள்?

அந்த டீச்சரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு, பிள்ளைகளை உடலாலோ மனசாலோ தண்டிக்கக் கூடாது என்கிறது. உங்கள் கதாநாயகி செய்தது அந்தச் சட்டப்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை அப்படிச் செய்திருந்தால் மறுநாள் கலெக்டர் ஆபீஸில் நின்றிருப்பார். உங்கள் சீரியலில் ஆரத்தி எடுத்தார்கள்.

அப்புறம், உங்கள் கதையில் அடிக்கிற பிள்ளை எப்போதும் பணக்கார வீட்டுப் பிள்ளை. காரில் வந்து இறங்கும், அப்பா பெரிய இடம், தலைமையாசிரியர் கைகட்டி நிற்பார். எங்கள் பள்ளிக்கு எல்லோரும் ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறார்கள், பெரிய வகுப்பு என்றால் அரசு கொடுத்த சைக்கிளில். முட்டையைக் கொடுத்த வீட்டுக்கும் வாங்கிய வீட்டுக்கும் வசதியில் பெரிய வித்தியாசம் கிடையாது. வேறு வேறு தெரு. இந்தத் தெரு என்கிற சொல்லை உச்சரிக்க உங்களுக்கு எத்தனை தயக்கம்!

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அது திருநெல்வேலிச் சங்கதி, நம்ம பக்கம் அப்படியில்லை என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேசினார்கள். நம்ம பக்கம் எப்படி என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். அதன் பிறகு அரசு ஒரு நபர் குழு அமைத்தது. அதை நடத்தியவர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு, ஸ்ரீரங்கத்தில் பிறந்த காவிரிக்காரர். 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றிலிருந்து பள்ளியின் பேரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற சாதிப் பேர் வரைக்கும் பேசுகிறது. டிவி பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகின்றன என்று ஆண்டு விழா மேடையில் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்த அரிவாளை எந்தச் சீரியலும் கொடுக்கவில்லை. கயிறு, டிவி வருவதற்கு முன்னாலேயே இருந்தது.

நாங்குநேரியில் நடந்ததில் ஒரு விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது. அண்ணனை வெட்டும்போது தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அவளும் பள்ளிக்கூடப் பெண். அண்ணன் அந்தக் காயங்களோடு 2024இல் பிளஸ் டூ எழுதி 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். தடுக்கப் போகிற ஒரு பெண்ணை உங்கள் கதையில் எப்போதாவது எழுதியிருக்கிறீர்களா? வெட்டு விழும் என்று தெரிந்தும் போகிறவளை?

என் மகள் தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாள், கொரிய டிராமா பைத்தியம். ‘தி குளோரி’ என்று ஒன்றை லேப்டாப்பில் போட்டு, நிறுத்தி நிறுத்தி எனக்குச் சொன்னாள். 2022 டிசம்பர் கடைசியில் பாதியும் 2023 மார்ச்சில் மீதியுமாக வந்ததாம். அதில் ஒரு பெண்ணை, முடி சுருட்டுகிற சூட்டுக் கருவியால் சுட்டுச் சுட்டு வதைக்கிறார்கள். அப்படி ஒன்று 2006இல் அந்த நாட்டுப் பள்ளி ஒன்றில் நிஜமாகவே நடந்திருக்கிறது. என்னால் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் சுட்டவர்களைவிட இரண்டு பேர் எனக்கு நினைவிலிருக்கிறார்கள். புகார் சொன்ன பெண்ணையே அடிக்கிற வாத்தியார். பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற தாய்.

அது வந்தபோது கொரியாவில் என்ன ஆயிற்று என்பதையும் மகள்தான் சொன்னாள். பள்ளியில் அடிபட்டவர்கள் பெரியவர்களான பிறகு வாய் திறந்து சொல்கிற வழக்கம் அங்கே முன்னமே தொடங்கியிருந்ததாம். 2023 பிப்ரவரியில் காவல் துறையின் புலனாய்வுப் பிரிவுக்குத் தலைவராக அறிவிக்கப்பட்ட ஒருவர், அவருடைய மகன் பள்ளியில் செய்தது வெளியே வந்து, மறுநாளே விலக வேண்டியதாயிற்று. ஏப்ரலில் அரசு சட்டதிட்டத்தை இறுக்கியது. பள்ளியில் செய்த வன்முறை இனிமேல் கல்லூரிச் சேர்க்கையிலும் பார்க்கப்படும் என்றது. இதற்கெல்லாம் நடுவில், மார்ச்சில், அந்தத் தொடரின் இயக்குநர் மேலேயே புகார் வந்தது. 1996இல் மாணவனாக இருந்தபோது தானும் சிறியவர்களை அடித்ததை ஒப்புக்கொண்டு அவர் மன்னிப்புக் கேட்டார். ஊரையே அழவைத்த தொடரை எடுத்தவர்!

இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் யார் முட்டையைத் தின்றிருக்கிறீர்களோ. நான் கேட்கவில்லை, உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கதை எழுத உட்காரும்போது மட்டும் வெளியே எடுங்கள்.

பழிவாங்கும் கதையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கடைசியில் நியாயம் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், நடுவில் எத்தனை சூடு போட்டாலும் நாம் உட்கார்ந்து பார்ப்போம். அந்தச் சூடு பிற்பாடு வருகிற அறைக்கு அச்சாரம் ஆகிவிடுகிறது. 2025 மார்ச்சில் வந்த ‘அடோலசென்ஸ்’ என்கிற ஆங்கிலத் தொடரையும் மகள் காட்டினாள். நாலே எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டாமல் ஒரே ஷாட். கூடப் படிக்கிற பெண்ணைக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுப் பையனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கொலையைக் கிட்டத்தில் காட்டவே இல்லை. கண்காணிப்புக் கேமராவில் தூரத்தில் ஏதோ அசைகிறது, அவ்வளவுதான். கடைசி எபிசோடில் அப்பாவும் அம்மாவும் படுக்கையறையில் உட்கார்ந்து, நாம் எதைப் பார்க்காமல் விட்டோம் என்று பேசிக்கொள்கிறார்கள். அடி கிடையாது, இடி கிடையாது. அத்தைக்கு மொழி புரியாது; இருந்தும் கை தட்டாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பிரிட்டனில் அதை உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். அதிலும் எனக்குக் குறை உண்டு: செத்துப்போன பெண் யார், எப்படிச் சிரிப்பாள் என்று தெரியாமலே தொடர் முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு பெண் போலீஸ் பாத்திரமே அதைச் சொல்லி வருத்தப்படுகிறது.

புரோமோவுக்கு வருகிறேன். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 பிள்ளைகள் செத்துப்போனார்கள். தீ பிடித்தது மத்தியானச் சாப்பாடு சமைத்த இடத்தில். என் வேலையில் இருக்கிற யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டோம். இன்றைக்கும் அடுப்பை மூட்டுமுன் நான் ஒரு தடவை மேலே நிமிர்ந்து பார்ப்பேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். எங்கள் வீட்டு டிவியில் அந்தப் படங்கள் திரும்பத் திரும்ப ஓடின. மூன்றாம் நாள் என் மூத்தவன், ஐந்து வயது, சாப்பிட்டுக்கொண்டே, “இது நேத்தே காட்டினதுதானேம்மா, வேற வைய்யி” என்றான். நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன். அவனைத் திட்டவும் முடியவில்லை. அது நிஜம், உங்களுடையது கதை, இரண்டும் ஒன்று இல்லைதான். ஆனால் ஒரே வாளியைப் பகலெல்லாம் கவிழ்க்கும்போது எனக்கு அவன் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது.

நேரத்தைப் பற்றியும் விதி இருக்கிறது, எனக்கும் இப்போதுதான் தெரியும். 1994ஆம் வருஷத்துக் கேபிள் டிவி விதிகளில் பிள்ளைகளுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளை, பிள்ளைகள் அதிகமாகப் பார்க்கிற நேரத்தில் காட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எங்கள் தெருவில் பிள்ளைகள் அதிகமாகப் பார்க்கிற நேரம் ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது. உங்கள் சீரியல் ஓடுகிறதும் அப்போதுதான். புகார் கொடுக்க வழி இருக்கிறது, கொடுக்கலாம். நான் கொடுக்கப் போவதில்லை. தடை போட்டால் நீங்கள் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டு மறுபடியும் மாமியாரை மாடிப்படியில் எண்ணெய் ஊற்ற விடுவீர்கள்.

அந்த வாளிக்குக் கீழே நின்ற பெண்ணுக்குப் பதின்மூன்று வயது இருக்குமா? தண்ணீர் மூன்று பக்கத்திலிருந்து விழுந்தது என்றால் எத்தனை வாளி? நடிக்கிற பிள்ளையை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஓய்வு கொடுக்காமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்றெல்லாம் 2017இல் விதி போட்டிருக்கிறார்கள். நீங்கள் கடைப்பிடித்திருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். துவட்டிக்கொள்ளத் துண்டை யார் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

சீரியல் முடியும்போது கீழே, பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள் என்று ஒரு வரி ஓடவிட்டீர்கள். நல்லது. பள்ளிச் சுவரிலும் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டும் எழுதியிருக்கின்றன. ஆனால் எங்கள் பக்கத்தில் பிள்ளை கையில் போன் எப்போது இருக்கும்? அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. அதை ஒரு காட்சியாக எழுதிப் பாருங்கள். ‘மாணவர் மனசு’ என்று புகார்ப் பெட்டியும் இருக்கிறது. எங்கள் பள்ளியில் அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஆசிரியர் அறை வாசலுக்கு எதிரே மாட்டியிருந்தார்கள். சீட்டுப் போடுகிற பிள்ளையை மொத்தப் பள்ளியும் பார்க்கும். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தடவை சீட்டை எழுதிக்கொண்டு போய், அங்கே ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டு, மடித்து ஜியாமெட்ரி பாக்ஸிலேயே வைத்துக்கொண்டாளாம். முட்டை விஷயம்தான். அந்தச் சீட்டு அந்த ஜியாமெட்ரி பாக்ஸிலேயே இரண்டு வருஷம் இருந்தது. போன வாரம் என்னிடம் காட்டினாள். பென்சில் எழுத்து, பாதி அழிந்திருக்கிறது. அதற்கு அப்புறம் நான் தலைமையாசிரியரிடம் பேசி, பெட்டியைச் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் மாற்றினோம்.

உங்களில் யாராவது ஒருவர் நேரில் வந்தால் நன்றாக இருக்கும். கேமரா வேண்டாம். தஞ்சாவூரில் இறங்கி மன்னார்குடி பஸ் பிடியுங்கள். நீடாமங்கலம் வழியாக வந்து அங்கே ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் கொஞ்ச நேரம் ஆகும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். பன்னிரண்டே முக்காலுக்குள் பள்ளிக்கு வந்துவிட்டால் என்னோடு கரண்டி பிடித்து நிற்கலாம். நான் எதுவும் சொல்ல மாட்டேன். தட்டில் முட்டையை வையுங்கள். பிள்ளை திரும்பி நடக்கும்போது நாலடி வரைக்கும் பார்வையை எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
சத்துணவு டீச்சர்,
மன்னார்குடிப் பக்கம்